இயக்குநரே வந்து பதில் சொன்னார்

நீலகிரியில் டிவி வாங்கினால் மட்டும் போதாது, நீளமாக ஒரு இரும்புக் குழாயும் வாங்க வேண்டியிருந்த காலம் உண்டு. எஸ்டேட் லயன் வீட்டுக் கூரையில் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார், "வருது... வருது... போச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். டிவி அலை நேர்கோட்டில் போகிற சங்கதி. 2,637 மீட்டர் தொட்டபெட்டா குறுக்கே நிற்கும் மாவட்டத்தில், ஒரு சரிவில் படம் தெரிந்தால் மறு சரிவில் வெறும் புள்ளிதான்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் வெகுகாலம் சென்னையையும் அக்கம்பக்கத்தையும் அது தாண்டவில்லை. 1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. மறு ஆண்டே நாடெங்கும் சின்னச் சின்ன ரிலே நிலையங்கள் எழுந்தன. அவற்றில் வந்ததோ டெல்லி நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு இந்தி டிவி முதலில் வந்தது, தமிழ் டிவி பிறகுதான் வந்தது.

இந்தக் குறைகளை யாரிடம் சொல்வது? போஸ்ட் கார்டில் எழுதினால், ஒருவர் திரையிலேயே பதில் சொன்னார்: ஏ. நடராஜன். வானொலியில் பழகிவிட்டு வந்தவர், சென்னை நிலையத்தின் இயக்குநர். 'எதிரொலி' நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களை எடுத்துக்கொண்டு கேமரா முன் உட்காருவார். மேலதிகாரியைப் பார்க்க வாசலில் பியூனின் தயவு வேண்டியிருந்த நாளில், ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் தலைவர் வீட்டுக் கூடத்துக்கே வந்து திட்டு வாங்கிக்கொண்டது சாமானியம் இல்லை.

எல்லாப் பதிலும் திருப்தி தந்தது என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' அரை மணிக்குள் முடிந்துவிடுகிறதே என்ற ஏக்கத்துக்கும், ராத்திரியானால் டெல்லிக்கு மாறிவிடுகிறதே என்ற எரிச்சலுக்கும் மருந்து ஒரு நிலைய இயக்குநரின் கையில் இல்லை. இருந்தும் கோபப்பட்டு எழுதியவர்கள்கூட அடுத்த வாரம் டிவி முன் காத்திருந்தார்கள். செய்தி வாசித்தவர்களின் முகங்களுக்கு இணையாக ஓர் அதிகாரியின் முகம் தமிழ்நாட்டுக்குப் பழகியது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கேபிள் மெல்ல மெல்ல மலையேறியது. பிடிக்காவிட்டால் ரிமோட்டை அழுத்தினால் ஆயிற்று, கடிதம் எதற்கு? இன்றைக்கு நாம் பார்க்கும் சேனலின் தலைவர் யாரென்று கேட்டால், நம்மில் பாதிப்பேர் விழிப்போம்.

மலையில் கேபிள்காரர் பாடு வேறு. படம் நின்றால் அவர் பஜாரில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.