கூச்சம் தின்னும் மணி நேரங்கள்

விடியற்காலையில் விறைப்போடு கண் விழிப்பது ஆண் உடம்பின் வாடிக்கை. பல் தேய்த்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். ஆசை ஏதுமின்றி, அடங்காமல், வலியோடு நாலு மணி நேரத்தைத் தாண்டினால் அதற்குப் பெயர் பிரியாபிசம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய கோளாறு. ஆனால், யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே பலருக்கு ஒரு ராத்திரி கழிந்துவிடுகிறது.

ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் உண்டு. உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிவிடுகிறது. புது ரத்தம் வராததால் ஆக்சிஜன் தீர்ந்து, அமிலத்தன்மை ஏறுகிறது. ஊசியால் இழுத்துப் பார்த்தால் கன்னங்கரேலென்று வரும். 12 மணி நேரத்தில் திசு வீங்குகிறது. 24 மணி நேரத்தில் ரத்தத் தட்டணுக்கள் உட்சுவரில் ஒட்டத் தொடங்குகின்றன. 48 மணி நேரத்தில் தசை செத்து, அந்த இடத்தில் நார்த்திசு வளர ஆரம்பித்துவிடும். 36 மணி நேரம் கடந்தவர்களுக்கு இயல்பான விறைப்பு திரும்புவது மிக அரிது.

சீக்கிரம் வந்தால் வைத்தியம் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, பினைலெப்ரின் மருந்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். ரத்த அழுத்தத்தின் மீதும் ஒரு கண் இருக்கும். பலருக்கு இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ரத்தம் வடிய மாற்றுப் பாதை போடும் அறுவை சிகிச்சை. ரொம்பப் பிந்திவிட்டால் செயற்கைத் தண்டு. ஐஸ் ஒத்தடம், பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று வீட்டில் செய்து பார்ப்பதெல்லாம் நேர விரயம்தான்.

அடிபட்டு வரும் வலியில்லாத வகை ஒன்றும் உண்டு. அதற்கு இந்தப் பதற்றம் வேண்டாம்.

ஊர்வாயில் பழி எல்லாம் வயாகரா மாத்திரைக்கு. உண்மையில் அதனால் வருவது அபூர்வம். விறைப்புக்காக உறுப்பிலேயே போடும் ஊசி, ட்ராசோடோன் போன்ற மனநல மருந்துகள், ரத்தப் புற்றுநோய் ஆகியவைதான் அதிகம் சந்தேகிக்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக அரிவாள் செல் ரத்தசோகை. 1952-இல் இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இந்த ரத்தசோகை உள்ள சிறுவர்களுக்கும் பிரியாபிசம் வரும். முதலில் விட்டுவிட்டு வந்து, தானாகவே அடங்கும். பையனும் வாயைத் திறக்க மாட்டான். அப்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால் பெரிய தாக்குதல் வராமல் பார்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கவுன்ட்டரில் சொல்ல நா எழவில்லையா? "யூராலஜி அவசரம்" என்று எழுதி, தொடங்கிய நேரத்தையும் சாப்பிடும் மாத்திரைகளையும் அதே சீட்டில் குறித்து நீட்டுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.