ரேடியேஷன் எடுத்துட்டு வந்தவங்க குழந்தையைக் கட்டிப்பிடிக்கலாமா?

மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து வீடு திரும்பும் பெண்கள் சிலர், கதிர் பிள்ளைக்கும் பரவிடுமோ என்ற பயத்தில் தள்ளியே படுக்கிறார்கள். இந்தப் பயம் தேவையா?

தேவையில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் உடலுக்கு வெளியிலிருந்துதான் கதிரைச் செலுத்துகிறது. ஸ்விட்சை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல, இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. பிள்ளையைத் தாராளமா மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

பலருக்கு வாரம் 5 நாள் வீதம் 3 வாரம், மொத்தம் 15 முறை. கதிர் பாயும்போது வலிக்காது. அறையில் தனியாகப் படுத்திருந்தாலும், வெளியே ஊழியர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நாள் போகப் போக தோல் சிவக்கலாம், கறுக்கலாம், அசதியும் வரலாம். டாக்டரிடம் சொல்லுங்க, பாதியில் நிறுத்திடாதீங்க.