மசக்கை எல்லை மீறும்போது...

மருமகள் வாந்தி எடுத்தால் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. "மசக்கைதானே, மூன்று மாதம் சென்றால் சரியாகிவிடும்" என்று மூத்த பெண்கள் ஆறுதல் கூறுவர். பெரும்பாலோருக்கு இக்கூற்று மெய்யே. ஆனால் வாந்தி நிற்காமல் ஒரு பெண் படுத்த படுக்கையாகிவிட்டால், "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற சொல்லும் கூடவே பிறக்கிறது. அச்சொல் அவளது உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

பருகிய தண்ணீரும் வயிற்றில் தங்காமை, கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைதல், சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், எழுந்தால் தலை சுற்றுதல் ஆகியவை தென்பட்டால் அது வெறும் மசக்கையன்று. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாகும்.

இதற்கு ஒரு கிருமியும் துணைபோகலாம் என்பர் ஆய்வாளர். அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே விழுங்கி, சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டார். இக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடும் வாந்தியுள்ள கர்ப்பிணிகளிடம் இக்கிருமி மிகுதியாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் கிருமியுள்ளோர் அனைவரும் வாந்தியால் வருந்துவதில்லை. எனவே இதனை ஒரே காரணமாகக் கொள்ளலாகாது. நஞ்சுக்கொடியில் மிகுதியாகச் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்னும் பொருளை ஏற்க இயலாத உடல்வாகே முக்கியக் காரணம் என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இது நடிப்புமன்று, மனத்தளர்ச்சியுமன்று.

மருந்துக்கு அடங்காத வாந்தியாயின் கிருமி உள்ளதா என மலப் பரிசோதனை மூலம் அறியலாம். சிகிச்சையை உடனே தொடங்குவதா, பேறுகாலத்திற்குப் பின்னரா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். கடையில் கேட்டு மாத்திரை வாங்குதல் தகாது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. பல நாள் உண்ணாதவளின் உடலில் தையமின் என்னும் பி1 சத்து வற்றிவிடும். அந்நிலையில் அச்சத்தைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எனவே எத்தனை நாளாக உணவு தங்கவில்லை என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

செவ்வாப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆண்கள் தொழிற்சாலை ஷிப்டுக்குச் சென்றுவிட, பெண்கள் தனித்திருக்கும் வீடுகள் பல. கணவர் திரும்பட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். மின்ரயிலில் இரண்டாவது நிலையமான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

ரமலானில் இத்தகைய பெண்ணை நோன்பு நோற்கும்படி வற்புறுத்தலும் ஆகாது. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது. இறைவன் தந்த சலுகையை மாமியார் மறுக்கலாமா?

பொறுமை நற்பண்புதான். ஆனால் நோயை மறைப்பது பொறுமையாகாது. மருமகளின் வாடிய முகத்தை முதலில் காண்பவர் மாமியாரே. அவரே முன்னின்று அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். தாயும் சேயும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!