ஏற மறுக்கும் கார்க் கண்ணாடி

திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998-இல் தயாரிக்கத் தொடங்கிய லான்சர் கார், அந்நிறுவனத்தின் பழைய அம்பாசிடரைப் போலக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றும் வண்டி அன்று; சுவிட்சை அழுத்தினால் மோட்டாரே கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் விண்டோ அதில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளையே ‘விண்டேஜ்’ என ஏற்கும் 2021-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி அதற்கு அந்தத் தகுதி வர இன்னும் காலம் இருக்கிறது என்றாலும், அக்காலத்துக் கார்களின் கதவுக்குள் ஓடும் வயர்களுக்கு முதுமை வந்துவிட்டது.

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையில் அறிமுகப்படுத்திய பவர் விண்டோ, பின்னர் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிறு மின்மோட்டார் என்ற நிலைக்கு வந்தது. கண்ணாடியைத் தாங்கி நகர்த்தும் இயந்திர அமைப்பான ரெகுலேட்டரை இந்த மோட்டார் சுழற்றுகிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளைச் சுவிட்ச் மாற்றிக் கொடுப்பதால் அது இருதிசையிலும் சுழல்கிறது. பல கார்களில் பின்கதவு மோட்டாருக்கான மின்சாரமும் ஓட்டுநர் பக்கத்துத் தலைமைச் சுவிட்ச் வழியாகவே செல்வதால், பின்கண்ணாடி நின்றுபோனதற்கு முன்கதவே காரணமாக இருப்பதுண்டு.

கண்ணாடி மெதுவாக ஏறினால் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டுவது பணிமனைகளின் வழக்கம். பெரும்பாலும் அது அவசர முடிவு. சுவிட்சின் செம்பு முனைகள் கருத்துப்போவதாலும், வண்டியின் இரும்பு உடலோடு சேரும் எர்த் இணைப்பு துருப்பிடிப்பதாலும் மின்தடை கூடுகிறது. பத்து ஆம்பியர் பாயும் வழியில் 0.2 ஓம் தடை கூடினாலே 2 வோல்ட் அங்கே வீணாகிவிடுவதால், 12 வோல்ட்டுக்கு உருவான மோட்டார் 10 வோல்ட்டில் திணறுகிறது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் செல்லும் வயரோ, கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடுகின்றன. கதவைச் சற்றுத் திறந்து பிடித்தால் மட்டும் கண்ணாடி ஏறுகிறது என்றால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கண்ணாடி ஓடும் தடத்தின் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகினால் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடேறுகிறது. அதனுள் இருக்கும் வெப்பக் காப்பு இணைப்பைத் துண்டித்து, ஆறியபின் மீண்டும் சேர்ப்பதால், பழுது தானாகச் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும்.

என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ‘ஆன்’ நிலையில் வைத்து, உள்விளக்கை எரியவிட்டுச் சுவிட்சை அழுத்திப் பார்ப்பது எளிய சோதனை. கண்ணாடி நகராமல் விளக்கு மட்டும் மங்கினால் மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது, ஆனால் ஏதோ இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். மங்காவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், வயர் ஆகியவற்றில் ஒன்றில் துண்டிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். திருத்தணி மலைப்பாதையில் ஏறிக் கோயிலருகே நிறுத்திய காரில் கண்ணாடி ஏறாவிட்டால் பூட்டியும் பயனில்லை என்பதால், அங்கே புறப்படும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. மோட்டாரை மாற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம், சுவிட்சை அழுத்திய நிலையில் மோட்டாரின் முனைகளில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டரில் அளந்து காட்டும்படி உரிமையாளர்கள் முதலில் கேட்க வேண்டும்.