பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது

கோடை விடுமுறை விட்டதும் காவிரி டெல்டா ஊர்களில் பிள்ளைகளின் கண் வேலி ஓரங்களுக்குப் போய்விடும். வாய்க்கால் கரைக் கருவேல மரத்திலோ கிளுவை வேலியிலோ பச்சோந்தி ஒன்று அகப்பட்டால், அன்று சாயங்காலமே அது செருப்புக் கடை அட்டைப்பெட்டிக்குள் குடியேறிவிடும். பெட்டிக்குள் ஒரு வேப்பங்குச்சி, இரண்டு வெட்டுக்கிளி, பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர். பிள்ளை ஆசையோடுதான் வைக்கிறது. ஆனால் அந்த மூடித் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தொடுவதே இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீர் அதன் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. இலை நுனியில் அசைந்து, வெளிச்சம் பட்டு மின்னுகிற துளியைக் கண்டால்தான் வாயைக் கொண்டுபோகும். பனித்துளியையும் மழைத்துளியையும் இலையிலிருந்து உறிஞ்சி வாழும் பிராணி அது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, தாகத்தில் சாகிறது. வீட்டில் இருப்பவர்களோ "தீனி ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பச்சோந்தியை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். பெட்டிக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தால், முதலில் அதன் உயிரைப் பார்க்க வேண்டும்.

பலரும் நிறத்தைப் பார்த்து நோயைக் கணிக்கப் பார்க்கிறார்கள். அதை நம்ப முடியாது. குளிருக்கும் கருக்கும், பயத்துக்கும் கருக்கும், வெயில் காய்வதற்கும் கருக்கும். நீர்ச்சத்து குறைவதை முதலில் காட்டிக்கொடுப்பது எச்சம்தான். பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். எச்சத்தில் இரண்டு பகுதி இருக்கும். பழுப்போ கறுப்போ ஆனது மலம். அதோடு ஒட்டிக்கொண்டிருப்பது யூரிக் அமிலம். நமக்குச் சிறுநீர் எப்படியோ, அதற்கு அது அப்படி. உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் இந்தப் பகுதி வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, ஈரமாக இருக்கும். ஓரத்தில் லேசான மஞ்சள் தெரிந்தால் பதற வேண்டாம். முழுக்க மஞ்சளாகி, ஆரஞ்சு நிறத்துக்குப் போய், மணல்மணலாக உதிர்ந்தால் பல நாளாகத் தண்ணீர் போதவில்லை என்று பொருள். இதை அசட்டையாக விட்டால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படியத் தொடங்கும். அந்தச் சேதம் பிறகு முழுதாகச் சரியாவதில்லை.

கண் உள்ளே போவதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். உருண்டு துருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் தனித்தனியே சுழல வேண்டிய கண் அது. குழிவிழுந்து தெரியும்போது பெரும்பாலும் நாள் கடந்திருக்கும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைத் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் தூங்காது. விலாப்பக்கத் தோல் மடிப்பு மடிப்பாக நிற்பது, வாயைத் திறக்கும்போது எச்சில் நூலாக இழுபடுவது, பூச்சியை நோக்கி வீசிய நாக்கு பாதி தூரத்தில் துவண்டு விழுவது, கிளையைப் பற்றும் பிடி தளர்வது, உரிந்த தோல் விரல்களில் சுற்றிக்கொண்டு கழலாமல் நிற்பது, எல்லாம் நீர்ச்சத்துக் குறைவின் பக்கம்தான் கை காட்டுகின்றன. இவற்றில் சில வேறு நோயிலும் வரும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எச்சத்தையும் கண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வருவதற்கு முந்தைய வாரங்கள்தான் இங்கே மோசமானவை. ஜூன் 12 வழக்கமான நாள். அதுவரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும், கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கொட்டகையில் வைத்த பெட்டிக்கு ஒரு மதியம் போதும். வீட்டுக்குள் மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தாலும் உடம்பு வேகமாக உலர்ந்துவிடும்.

முதலுதவி எளிதானது. பெட்டியிலிருந்து எடுத்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொட்டிச் செம்பருத்தி மாதிரி இலை அடர்ந்த செடியில் விடுங்கள். பூனையும் காக்கையும் அண்டாமல் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, வெதுவெதுப்பான குடிநீர் ஊற்றி, செடிக்கு மேலே கட்டிவிட்டால் இலைகளின்மேல் சொட்டுச் சொட்டாக விழும். உடனே குடிக்காது. சில நேரம் பத்து நிமிடம்கூடத் துளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாக வாயைக் கொண்டுபோகும். ஆள் முகத்தை நெருக்கிக்கொண்டு நின்றால் குடிப்பதை நிறுத்திவிடும். அரை மணி நேரம் சொட்டட்டும். மாலையில் மறுபடி ஒருமுறை.

இலையில் தெளிக்க ஸ்பிரேயர் எடுப்பவர்கள் புதிதாக வாங்குங்கள். வயலுக்கு மருந்தடித்த ஸ்பிரேயரை எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு ஆகாது. மருந்தடித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் அப்படியே. சிரிஞ்சால் வாய்க்குள் தண்ணீர் பீய்ச்சுவது இன்னும் ஆபத்து. மூச்சுக்குழலின் வாய் முன்பக்கமே இருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், பால் எதுவும் வேண்டாம்.

மறுநாளும் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உடம்பின் எடைக்குத் தக்க அளவில் திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்றுவது அவர் வேலை. ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஊர்வன பார்த்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது, அலைச்சல் மிச்சம்.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் நம் பச்சோந்தி இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைதான்; கொல்ல வேண்டும் என்பதில்லை. 39ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இத்தகைய உயிரினம் எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். சாலையில் அடிபட்டதைத் தூக்கி வந்தவருக்கும், பிள்ளை பிடித்து வந்ததைப் பார்த்துவிட்ட பெற்றோருக்கும் இதுதான் வழி. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. தண்டனைக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டில் வீசிவிட்டு வருபவர்கள் உண்டு. நீர் வற்றிக் கிடக்கும் பிராணிக்கு அது இரண்டாவது தண்டனை.

"ஏமன் பச்சோந்தி", "மடகாஸ்கர் பச்சோந்தி" என்று கைபேசியில் விலை பேசுபவர்களிடமும் கவனம் தேவை. இவை வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. முறையான இறக்குமதித் தாள் இல்லாததை வாங்கினால், கடத்தலின் கடைசிக் கண்ணி நீங்களாகிவிடுவீர்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. துணிப்பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவரும் உயிர்களுக்கு வழியில் யார் சொட்டு நீர் வைக்கப்போகிறார்கள்?

வனத்துறையிடமோ டாக்டரிடமோ எடுத்துச் செல்லும்போது மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். உள்ளே பழைய துணி விரித்து, பற்றிக்கொள்ள ஒரு குச்சி வையுங்கள். ஆட்டத்தில் உருளாதபடி அதைப் பெட்டியோடு கட்டிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். கவிழ்ந்து நனைந்தால் குளிரில் சுருண்டுவிடும். கிளம்புமுன் இலையில் சொட்டுவிட்டுக் குடிக்க வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். கடைசியாகப் போட்ட எச்சத்தைத் தாளோடு மடித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.