வெயிலில் சிரிக்கும் பத்துமணிப் பூ

தமிழக எல்லையை ஒட்டிய வரதய்யபாளையத்தின் கோடை, தொட்டிச் செடிகள் பலவற்றையும் வாட்டிவிடும். அவ்வெயிலையே விரும்பி மலர்வது, ‘டேபிள் ரோஸ்’ என நாம் அழைக்கும் பத்துமணிப் பூ. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் ஆகியவை இதன் தாயகம். நம் பருப்புக்கீரை இதன் நெருங்கிய உறவு.

சதைப்பற்றுள்ள இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து, தரையோடு படர்ந்து, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் பூக்கும். வெயில் ஏறியதும் விரியும் மலர், பிற்பகலில் குவிந்துவிடும்; அதன் ஆயுள் ஒரே நாள்.

செம்மண்ணும் மணலும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள ஆழமற்ற தொட்டியில் நிரப்ப வேண்டும். விரல் நீளத் தண்டை ஒடித்து ஊன்றினாலே வேர்விடும். நாள்தோறும் 6 மணி நேர வெயில் தேவை. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றலாம். உரம் மிகுந்தால் இலை பெருகிப் பூக்கள் குறையும்.

இச்செடியை நாம் பெரும்பாலும் இழப்பது கோடையில் அன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான். நீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். விதையிலிருந்து வரும் செடி, தாய்ச்செடியின் நிறத்தையே தரும் என்பதற்கும் உறுதியில்லை. எனவே, செப்டம்பர் இறுதியிலேயே ஒவ்வொரு நிறத்திலும் சில தண்டுகளைச் சிறு தொட்டிகளில் நட்டு, மழை படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வைப்போம். மழைக்கு முன் ஒதுக்கிய அச்சிறு சேமிப்பே, மறு கோடையில் தொட்டி நிறையப் பூக்களாகத் திரும்பி வரும்.