படம் தெரிகிறது, குரல் கேட்கவில்லை

வீட்டிலே ஒரு கருவி பழுதுற்றால் நம்மவர் செய்யும் முதற் காரியம் அதன் தலையிலே தட்டிப் பார்ப்பது. இரண்டாவது, விஷயம் தெரிந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவரை அழைத்து அபிப்பிராயம் கேட்பது. மூன்றாவது, புதியதொன்றை வாங்குவது. இம்மூன்றிற்கும் இடையிலே ஆராய்ந்து பார்த்தல் என்பதற்கு நாம் இடம் வைப்பதில்லை. பாடசாலையிலே மாணவருக்கு விஞ்ஞான முறையைப் போதிக்கும் யானும் இதற்கு விலக்கல்லன் என்பதை அண்மையில் உணர்ந்தேன்.

2003ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற என் தமக்கையாரின் திருமணம் வீடியோ நாடாவிலே பதிவாயிற்று. நாடா பின்னர் டி.வி.டி. தட்டாயிற்று, தட்டுப் பின்னர் கணினிக் கோப்பாயிற்று. அதிலே மணமக்களை வாழ்த்தி எம் தந்தையார் நாலு நிமிடம் பேசுகிறார். அவர் இன்று இல்லை. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

சென்ற விடுமுறையிலே உறவினர் கூடியபோது அப்படத்தைப் பார்க்க விரும்பினோம். மண்டபத்திலுள்ள பெரிய தொலைக்காட்சிப் பெட்டியுடன் கணினியொன்று இணைக்கப்பட்டிருக்கிறது; தொலைக்காட்சியிலிருந்து இன்னொரு வயர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்கிறது. படம் ஓடிற்று. தந்தையார் எழுந்தார், வாய் திறந்தார், ஒரு சொல்லேனும் கேட்கவில்லை.

உடனே மண்டபம் ஒரு பட்டறையாயிற்று. ஒருவர் வயரைக் கழற்றி மாட்டினார். இன்னொருவர் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார். யான் அமைப்புகளையெல்லாம் கண்டபடி மாற்றினேன். அரை மணி நேரத்தின்பின், எதை யார் மாற்றினார் என்பதும் தெரியாத நிலை. "கணினி பழசாய்ப் போச்சு, புதிசு ஒன்று வாங்க வேண்டியதுதான்" என்று தீர்ப்பும் வழங்கப்பட்டது. அம்மா மாத்திரம் மெல்லச் சொன்னார்: "விடு தம்பி. முகத்தைப் பார்த்தாலே காணும்."

அச்சொற்கள் என்னைச் சுட்டன.

வாய்க்காலும் பாத்தியும்

அப்பொழுது உயர்தர வகுப்பிலே பயிலும் என் மருமகன் முன்னே வந்தான். "மாமா, எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாத்திப் பார்ப்பம்" என்றான்.

கிணற்று நீர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் பாய்வதை வாசகர்கள் அறிவர். வாழைக்கு நீர் வந்து சேரவில்லையென்றால் அனுபவமுள்ள தோட்டக்காரர் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புதுக்கிணறு வெட்டுவதில்லை. வாய்க்காலின் நடுவிலே போய்ப் பார்க்கிறார். அங்கே நீர் ஓடுமாயின் உடைப்புக் கீழ்ப்பாதியிலே உள்ளது. ஓடாதாயின் மேற்பாதியிலே உள்ளது. ஒரே பார்வையிலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நம் வீட்டுத் திரையரங்கும் அத்தகைய வாய்க்காலே. கோப்பு, அதை வாசிக்கும் மென்பொருள், கணினி, எச்.டி.எம்.ஐ. வயர், தொலைக்காட்சி, ஒலிபெருக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படமும் ஒலியும் பாய்ந்து வருகின்றன.

மருமகன் முதலிலே அதே கணினியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தான். ஒலிபெருக்கியிலே நன்கு கேட்டது. ஆகவே ஒலிபெருக்கியோ வயரோ பழுதன்று. அடுத்து, தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியைத் தெரிவு செய்து திருமணப் படத்தை ஓட்டினான். தந்தையாரின் குரல், மெல்லியதாயினும், கேட்டது! ஆகவே கோப்பும் கணினியும் பழுதன்று. இரண்டே சோதனையில் குற்றவாளி நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. தொலைக்காட்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலே, இந்தப் படத்தின் ஒலிக்கு மாத்திரம், ஏதோ தடை இருந்தது.

ஒலியின் மொழி

காரணம் இதுதான். கணினிக் கோப்பு ஒரு பெட்டகம் போன்றது. எம்.பி.4, எம்.கே.வி. என்பன பெட்டகத்தின் பெயர்களேயன்றி, உள்ளேயிருக்கும் படத்தினதும் ஒலியினதும் பெயர்களல்ல. ஒரே பெயருள்ள இரு பெட்டகங்களினுள்ளே வெவ்வேறு முறையிற் சுருக்கி வைக்கப்பட்ட ஒலிகள் இருக்கலாம். எம் திருமணப் படத்தின் ஒலி, டி.வி.டி. தட்டுகளிலே பெரிதும் வழங்கும் டொல்பி டிஜிட்டல் முறையிலே சுருக்கப்பட்டிருந்தது. கணினி அதனை விரிக்காமலே அனுப்பிற்று. தொலைக்காட்சிக்கு அம்மொழி தெரியும். ஆதலால் அதன் சொந்த ஒலிபெருக்கியிலே குரல் கேட்டது. ஆனால் வெளி ஒலிபெருக்கிக்கும் அதனை அவ்வாறே அனுப்பிற்று. மலிவான அந்தப் பெட்டிக்கோ பி.சி.எம். எனப்படும் விரித்த ஒலி மாத்திரமே விளங்கும். விளங்காததைக் கேட்டு அது மௌனம் சாதித்தது. பாட்டின் ஒலியைக் கணினியே விரித்து அனுப்பியதால் அதற்குத் தடை நேரவில்லை.

தொலைக்காட்சியின் ஒலிப் பகுதியிலே "டிஜிட்டல் வெளியீடு" என்பதை பி.சி.எம். என்று மாற்றினான். தந்தையாரின் குரல் மண்டபத்தை நிறைத்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

ஒலி சம்பந்தமான வேறிரு குறைகளும் அடிக்கடி நேர்வன. கணினியை எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்ததும் விண்டோஸ், தொலைக்காட்சியைத் தனியானதோர் ஒலிக்கருவியாகக் கொள்ளும். ஒலி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். திரையின் மூலையிலுள்ள ஒலிக்குறியைத் தொட்டுச் சரியான கருவியைத் தெரிவு செய்தல் வேண்டும். இசை முழங்க, பேச்சு மாத்திரம் தேய்ந்து கேட்பது மற்றொரு குறை. ஆறு தடங்களாகப் பதிவான திரைப்படங்களிலே உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்திலே வருகிறது. வீட்டில் இரண்டே ஒலிபெருக்கிகள் இருக்க, கணினி ஆறு உண்டென்று நம்பியிருந்தால் நடுத்தடம் போகுமிடமின்றி மறையும். கணினியின் அமைப்பை "ஸ்டீரியோ" என மாற்றினாற் பேச்சு மீளும்.

உதடும் ஓசையும்

குரல் வந்த பின்னரும் ஒரு சிறு குறை எஞ்சிற்று. தந்தையாரின் உதடு அசையுமுன்னரே சொல் கேட்டது. புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் ஒலி முந்திவிடுகிறது.

குளத்தின் அக்கரையிலே ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கை விழுந்த பின்னரே ஓசை நம்மை அடைகிறது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் மாத்திரமே செல்வதால், 170 மீற்றர் தூரத்துக்கு அரைச் செக்கன் வேண்டும். ஓசை பிந்துவது இயற்கை; நம் செவிக்குப் பழக்கம். ஓசை முந்துவதோ இயற்கையில் இல்லாத காரியம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையும் இதனையே காட்டுகிறது: ஒலி பிந்தினால் 125 மில்லிசெக்கன் வரையிலும் மனிதர் உணர்வதில்லை, முந்தினாலோ 45 மில்லிசெக்கனிலேயே உணர்ந்துவிடுகின்றனர்.

இதற்கும் மருந்து எளிது. யாம் உபயோகிக்கும் வி.எல்.சி. என்னும் மென்பொருள், 1996இலே எக்கோல் சென்றால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சியின் விளைவு, இலவசமாகவே கிடைப்பது. விண்டோஸ் கணினியில் அது படத்தை ஓட்டும்போது "கே" எழுத்தை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லிசெக்கன் பிந்தும். "ஜே" எழுத்தை அழுத்தினால் அவ்வளவு முந்தும். இரண்டு முறை "கே" அழுத்தியதும் உதடும் சொல்லும் ஒன்றாயின. புளூரூத் ஒலிபெருக்கி வைத்திருப்போருக்கு ஒலி பிந்தும் குறை பெரிதும் நேரும். அவர்கள் "ஜே"யை நாட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் குறைகள்

பழைய நாடாப் படங்களிலே அசையும் கைகளின் ஓரம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தோன்றலாம். அது நாடாவின் பழுதன்று. நம் நாட்டு வழக்கப்படி அக்காலப் படங்கள் செக்கனுக்கு 25. ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடுகளாகவும் இரட்டைக் கோடுகளாகவும் இரு தவணையிற் பதியப்பட்டவை. இரண்டையும் ஒருங்கே காட்டும்போது பல் தெரிகிறது. வி.எல்.சி.யில் "டி" எழுத்து அதனை நீக்கும். உறவினர் எல்லாரும் திடீரெனப் பருத்துக் காணப்பட்டால், 4:3 அளவுள்ள படத்தை 16:9 அளவுள்ள திரை இழுத்து நீட்டுகிறது என்று அறிக. "ஏ" எழுத்து அவர்களை மெலியச் செய்யும்.

புதிய படங்கள் விக்கி விக்கி ஓடினாற் காரணம் வேறு. 2013இல் வந்த எச்.265 முறை, முந்திய எச்.264 முறையிலும் பார்க்கக் கோப்பை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கவல்லது. ஆனால் விரிப்பதற்கு அதிக உழைப்பு வேண்டும். அதற்குரிய சுற்று இல்லாத பழைய கணினியில் மூளை முழுவதும் அவ்வேலையிலேயே மூழ்கித் திணறும். சிறிய அளவிலான பிரதியைப் பார்ப்பது, அல்லது எச்.264 முறைக்கு மாற்றிக்கொள்வது தக்க வழி. முதல் அரை மணி செவ்வனே ஓடிப் பின்னர் விக்குமாயின் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். கணினியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

மாணவர்கள் இவற்றையெல்லாம் மனனம் செய்ய வேண்டியதில்லை. நாலு விதிகள் போதும்: நடுவிலே பார், ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்று, மாற்றியதைக் குறித்து வை, பயன்படாவிடின் பழையபடி விடு. யான் கரும்பலகையில் ஆண்டாண்டாக எழுதிய விதிகளே இவை. பதற்றம் வந்தபோது மறந்தேன். என் மாணவனல்லாத மருமகன் மறக்கவில்லை.

அன்று மாலை தந்தையாரின் நாலு நிமிடப் பேச்சை மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை அம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.